இருநூறு புதுக் குடைகள்

காலையில் மகளை மழையில் அனுப்பிவிட்டு வந்ததிலிருந்தே அந்தத் தையல்காரிக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை, “என் கோட்டு எப்பம்மா வரும்?” என்று கேட்டது. “இன்னிக்குக் கண்டிப்பா” என்றாள். இருபது நாளாக இதே வாய் இதே பொய்யைத்தான் சொல்கிறது.

அது கடையில் வாங்கிய மழைக்கோட்டு இல்லை. போன பெருமழையில் காற்று பிய்த்துப் போட்ட குடைகள் தெருவோரத்தில் செத்த காக்கைகளாகக் கிடந்தன. ஐந்தைப் பொறுக்கி வந்து, கம்பியை உருவி, துணியைத் துவைத்துத் தைத்தாள். குடைத்துணியின் கூர்முனை தோளுக்கும் அகலம் காலுக்கும் வரும்படி வைத்தால் கோட்டு தானாக விரிந்து விழும். குடையைச் சுற்றிக் கட்டுகிற பட்டியே கழுத்துக்குப் பொத்தான் பட்டி. இதெல்லாம் அவள் மூளையில் உதித்தது, யாரும் சொல்லித் தரவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு, அம்மா வேலை செய்யும் ஆடைக் கம்பெனி வாசலுக்கு வந்த மகளை அங்கிருந்த டிசைனரம்மா பார்த்துவிட்டார். “ரெண்டே நாள் குடுங்க, பாத்துட்டுத் தந்துடறேன்” என்று வாங்கிக்கொண்டு போனவர்தான். பத்தாம் நாள் பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது: ‘தெருவில் கிடந்த உடைந்த குடை ஒன்று என்னோடு பேசியது.’ பேசியிருக்கும், பேசியிருக்கும்! குனிந்து பொறுக்கியவளிடம் மட்டும் அது வாயே திறக்கவில்லை.

இன்று கேட்டே விடுவது என்று டிசைனரம்மாவின் அறைக்குள் நுழைந்தாள். சுவர்ப் பலகையில் கோட்டு தொங்கியது. கோட்டாக அல்ல, தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, ஊசி குத்தி வைத்திருந்தார்கள்.

“பேட்டர்ன் எடுக்கணும்ல, அதான் பிரிச்சோம். கண்காட்சியிலயும் இதைத்தான் வைக்கப்போறோம்” என்றார் டிசைனரம்மா.

“என் பொண்ணு மழையில நனையுது மேடம்.”

“இன்னொண்ணு தைச்சுக்கோங்களேன். நீங்கதானே தைச்சீங்க?”

“அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

தையல் கூடத்தில் சூப்பர்வைசர் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அத்தனையும் குடை. இருநூறு. விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுக் குடைகள்.

“விக்கிறதுக்குக் கோட்டு தைக்கத் தெருக்குடை பத்தல, கலரும் ஒத்து வரல. அதனால இதை எல்லாரும் உடைச்சுத் துணியப் பிரிங்க. அப்புறம் தரையில போட்டு நல்லாத் தேய்ங்க. ‘தூக்கி எறிந்த குடையில் செய்தது’ன்னு லேபிள் வைக்கிறோம்ல? பழசாத் தெரியணும்.”

பொத்தான் தைக்கிறவள் ஒரு குடையை முழங்காலில் வைத்து மடக்கினாள். கம்பி மளுக்கென்றது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்த முப்பது பெண்களில் பாதிப் பேர் நனைந்த புடவையோடுதான் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“சார், இதெல்லாம் குப்பையா?”

“லேபிள்ல அப்படித்தான் இருக்கு” என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

“அப்ப சரி. குப்பையை யாரு வேணா எடுக்கலாம். நானும் அப்படித்தான் எடுத்தேன்.” பெட்டிக்குள் கையை விட்டு வரிசையாக ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு குடையை வைத்துக்கொண்டே போனாள். “எடுத்துக்கோங்கடி. உடைச்சாத்தான் பாவம்.”

“நாளைக்கு நீ இந்தப் பக்கமே வரக் கூடாது!” சூப்பர்வைசர் கத்தினார்.

“வந்தா என்னையும் பிரிச்சு நம்பர் போட்டுடுவீங்க. வரல.” தனக்கும் ஒரு குடையை எடுத்து விரித்துக்கொண்டு படியிறங்கினாள். கோபம் அடங்கவில்லை, நடைதான் வேகமானது.

பள்ளி வாசலில் பிள்ளை குடைக்குள் ஓடிவந்து ஒண்டிக்கொண்டது. அண்ணாந்து பார்த்து, கம்பி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

“இது உடையவே இல்லையேம்மா?”

“இல்லடி. உடைக்கச் சொன்னாங்க. நான் உடைக்கல.”