மாத்திரையை நிறுத்தியது யார்

மில்லர்புரம் லிங்கராஜ் வாத்தியாருக்கு உயிரியல் தலைகீழ்ப் பாடம். மூளையில் மனசைத் தெம்பாக வைக்கிற ரசாயனம் செரட்டோனின் என்று ஆரம்பித்தால் பெல் அடித்த பிறகும் விட மாட்டார். அந்தச் செரட்டோனின் குறைச்சல் ஒருநாள் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள் அனுஜா, "செத்துப்போயிரலாம்னு தோணுதுப்பா" என்று அவரிடமே சொன்னாள். டாக்டர் ஷெர்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்திராதீங்க சார். இந்த வயசுல திடீர்னு நிறுத்துனா ஆபத்து" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

மாத்திரை பிடிக்க வாரக்கணக்காயிற்று. பிள்ளை மெல்லச் சாப்பிட்டாள், சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்தா கிராமத்திலிருந்து லிங்கராஜின் அக்கா இசக்கித்தாய் வரவேண்டும்! அவள் மகன் ஜெயகணேஷுக்கு அனுஜா முறைப்பெண். பிறந்த அன்றைக்கே பேசி வைத்தது. அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் அஞ்சறைப்பெட்டிவரை திறந்து பார்ப்பாள். பைத்தியத்துக்கு மாத்திரை தின்கிற பெண் என்று தெரிந்தால் முறையாவது ஒன்றாவது!

லிங்கராஜ் மாத்திரைகளை அள்ளிக் குப்பைவண்டியில் போட்டார். மனைவி முத்துமாரி பதறினாள்.

"ஏளா, தொட்டி நெறஞ்சா மோட்டாரை நிறுத்த மாட்டமா? செரட்டோனின் ஏறிட்டுன்னு சொல்லுதேன். இனி வாழைப்பழமே போதும்."

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள் அனுஜா.

"அத்தை போறவரைக்கும் மூஞ்சிய நல்லா வச்சிக்கோ. அப்பா மானத்தை வாங்கிராத."

வாங்கவில்லை. தலை சுற்றியது, தூக்கம் போயிற்று, உள்ளே பழைய இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தனையையும் வைத்துக்கொண்டு அத்தைக்குச் சிரித்துக் காட்டினாள், பாவி மகள். "எம் மருமவ மகாலட்சுமில்லா!" என்று கன்னத்தை வழித்துவிட்டு இசக்கித்தாய் பஸ் ஏறினாள். மறுநாளே அனுஜா உயிரை விடப் பார்த்தாள். நல்லவேளையாக முத்துமாரி பார்த்துவிட்டதால் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெர்லி கொதித்துப் போய் நின்றார். "மாத்திரையை யாரு நிறுத்துனது?"

முத்துமாரி வாயைத் திறப்பதற்குள் லிங்கராஜ் முந்திக்கொண்டார். "அவளாத்தான் டாக்டர். ஊட்டிவிடாத குறை. எங்களுக்குத் தெரியாம துப்பியிருக்கா."

கட்டிலில் கிடந்த அனுஜா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா டாக்டர்" என்றாள். "நான்தான் துப்புனேன்."

"பெத்தவங்க இவ்வளவு பாடுபடுதாங்க, உனக்கு அறிவு வேண்டாமா?" என்று டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

லிங்கராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. "நல்லாக் கேளுங்க டாக்டர்" என்றார். "நாங்க சொன்னா எங்க கேக்கா?"