லைப்சிக்கில் வாசித்தது குருநகரில் கேட்டது

லவீனா ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து இசைக் கல்லூரியில் முதன்முதலாக வாசித்த அன்று, குருநகர்த் தேவாலயப் பங்கு மண்டபத்தில் மூடிக் கிடந்த பியானோ அதே இசையைத் தானாக வாசித்தது. இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு ஒக்டோபர் மாதம், புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. சந்தையில் நண்டு வரத்துக் குறைவான நாள். மண்டபம் கூட்ட வந்த அற்புதராணி சத்தம் கேட்டு மூடியைத் திறந்து பார்த்தாள். கட்டைகள் தாமாக அமுங்கி எழும்பிக்கொண்டிருந்தன. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வாசிப்பு முடியும்வரை நின்றாள். பிறகு மிச்ச இடத்தையும் கூட்டிமுடித்து, லவீனாவின் தகப்பன் சந்தியோகுவின் வீட்டுக்குப் போய், "உங்கடை பெட்டை வாசிக்கிறாள்" என்று சொன்னாள். அது யாருடைய கை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தப் பியானோவைத் தொட்டது லவீனா மட்டும்தான்.

சந்தியோகு பரவைக்கடலில் நண்டு வலை போடுபவர். ஒன்பது வயதில் மகள் கன்னியாஸ்திரி ஒருவரிடம் பியானோ பழகப் போனபோது, வலையை வெயிலில் போட்டுவிட்டு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர். ஆனால் இருபத்திரண்டு வயதில் புலமைப்பரிசில் கிடைத்து அவள் பயணப்பட்டபோது அவரால் பொறுக்க முடியவில்லை. அவருடைய உடன்பிறப்புகள் மூவர் பிளேன் ஏறியவர்கள். செத்தவீட்டுக்குக்கூட ஒருவரும் திரும்பி வரவில்லை. "போறதெண்டால் போ. பிறகு என்னோடை கதையாதை" என்றார். அவள் போனாள். அவர் சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மக்டலீன் மகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது அவர் முற்றத்துக்கு இறங்கிவிடுவார்.

அற்புதராணி வந்து சொன்னதற்கு மறுநாள், கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்து விறாந்தையில் இருந்து பொத்தத் தொடங்கினார். பதினொரு வருடம் அப்படியே போனது. கோடையில் பதினொன்றரைக்கும் மாரியில் பன்னிரண்டரைக்கும் பியானோ ஒலிக்கும்; அங்கே மாரியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி வைக்கிறார்கள் என்பது குருநகருக்கு மூன்றாம் வருடம்தான் தெரியவந்தது. பியானோவில் ஏழு கட்டைகள் உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தன. ஆகவே அந்த ஏழு சுரங்களும் இல்லாமல்தான் ஊர் அவளைக் கேட்டது. ஒரே இடத்தை முப்பது தரம் வாசித்தால் பரீட்சை வருகிறது என்று சந்தியோகு அறிந்துகொள்வார். இடதுகை மட்டும் தனியே ஓடிய ஒரு மாதத்தில், மகளுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதை மக்டலீனுக்கு முன்பே அவர் அறிந்தார். இதை அவளிடம் சொல்லக்கூடாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். "நாங்கள் கேக்கிறம் எண்டு தெரிஞ்சால் பிள்ளை பயந்து பயந்து வாசிக்கும்." ஊரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வருடம் மாசி மாதத்தில் பியானோ நின்றது. ஒரு கிழமை பார்த்தார், ஒரு மாதம் பார்த்தார். மக்டலீன், "அவள் சுகமாய்த்தான் இருக்கிறாள். இப்ப கொண்டக்டராம்" என்றாள்.

"பஸ்ஸிலையோ?"

"இல்லையப்பா. எழுவது பேர் வாசிக்க, இவள் முன்னாலை நிண்டு கையைக் காட்டுறதாம்."

அவர் நம்பவில்லை. தாயும் மகளும் சேர்ந்து ஏதோ நோயை மறைக்கிறார்கள் என்று எண்ணினார். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு, முற்றத்துக்கு இறங்காமல், மனைவியின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினார்.

"ஏன் பிள்ளை வாசிக்கிறேல்லை?"

"உங்களுக்கு எப்பிடியப்பா தெரியும்?" என்றாள் லவீனா. அவர் சொன்னார். பதினொரு வருடத்தையும் சொன்னார், வீங்கின மணிக்கட்டு உட்பட. அவள் அழுதது அவருக்குக் கேட்டது. அடுத்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளோடு குருநகர் வந்துசேர்ந்தாள். இனித் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தே வாசிப்பதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஊர் மண்டபத்தில் கூடியது. சந்தியோகு வெள்ளைச் சேட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார். லவீனா கட்டைகளில் கை வைத்து அரைமணித்தியாலம் வாசித்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. விரல்கள் ஓடின, கட்டைகள் அமுங்கின, வெளியே காகம் கத்துவது கேட்டது. முடிந்ததும் ஊர் மரியாதைக்குக் கைதட்டியது. பின்னேரம் லைப்சிக்கிலிருந்து பழைய தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள்: ஒத்திகை அறைப் பியானோ காலையில் தானாக வாசித்ததாம், இடையிடையே ஏழு சுரங்கள் விடுபட்டுப் போயினவாம்.

மூன்று நாள் முயன்று பார்த்தாள். மூன்று நாளும் சந்தியோகு பக்கத்தில் கதிரை போட்டு அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் அந்தக் கைகள் எவ்வளவு மாறிவிட்டன என்று அப்போதுதான் கண்டார். நாலாம் நாள் சொன்னார்: "நீ போ பிள்ளை. அங்கை உன்ரை வேலை இருக்கு. வருசத்திலை ஒருக்கா வா, பாத்துக்கொள்ளுறன்."

"அங்கை போனாலும் நான் வாசிக்கமாட்டன் அப்பா. கையைத்தானே தூக்குவன். உங்களுக்கு ஒண்டும் கேக்காது."

"ஓம். கேக்காட்டிலும் பரவாயில்லை" என்றார். அவரைப் பொறுத்தமட்டில் அது பெரிய பொய்.

அவள் போனாள், பழைய வேலையையே திரும்பக் கொடுத்தார்கள். புரட்டாதியில் ஒரு ஞாயிறு, அங்கே காலை பதினொரு மணிக் கச்சேரி. குருநகரில் பிற்பகல் இரண்டரை. அந்நேரம் இறங்குதுறையிலிருந்து கோயில்வரை எல்லோரும் ஒருசேர மூச்சை உள்ளே இழுத்தார்கள். மீன் வெட்டிய பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள், ஐஸ் ஏற்றியவர்கள் பெட்டியோடு நின்றார்கள், ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்திருந்த குழந்தை அழுகையை நிறுத்தியது. ஒரு கணம் பொறுத்து எல்லோருமாக மூச்சை விட்டார்கள். எழுபது வாத்தியக்காரரை வாசிக்கத் தொடங்கவைக்கும் மூச்சு அது என்று லவீனா பிறகு விளக்கினாள். ஆனால் அதற்குள் ஊருக்கு விளங்கியிருந்தது. இப்போது ஞாயிறு மத்தியானக் கூட்டங்களைப் பங்குச் சபை நாலு மணிக்கு முன் வைப்பதில்லை. ஒருதரம் உதைபந்தாட்டம் ஆட சாவகச்சேரியிலிருந்து வந்த பெடியளும் மைதானத்தில் நின்றபடி மூச்சிழுத்தார்கள். காரணம் கேட்டார்கள், சொல்லப்பட்டது, ஆட்டம் தொடர்ந்தது.

சந்தியோகு ஞாயிறுகளில் அந்நேரம் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருப்பார். நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை மெல்ல விட்டு, "தொடங்கீட்டாள்" என்று மக்டலீனிடம் சொல்லிவிட்டு, நண்டுக் குழம்பைச் சோற்றில் விடுவார்.