திரை விழுந்த பிறகு வந்த கார்கள்

1

இந்தக் கதை எனக்குப் பாப்கார்ன் கவுண்டரில் கிடைத்தது. லொரெய்ன் பௌடர் என்ற பெண்மணி இரண்டு பெரிய பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். கேள்வி எனக்கல்ல, என் பக்கத்தில் நின்ற முதலாளி வெர்னாவுக்கு. ஆனால் அங்கே எழுதுகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வியை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

வார நாட்களில் பென்சில்வேனியாவின் இந்தச் சின்ன ஊரில் மருந்துக்கடையில் மாத்திரை கொடுக்கிறேன். வெள்ளியும் சனியும் ஊருக்கு வெளியே உள்ள மூன்பீம் டிரைவ்-இன் என்ற திறந்தவெளித் திரையரங்கில் பாப்கார்ன் கொடுக்கிறேன். இரண்டு இடத்துக்கும் வருகிறவர்கள் ஒரே ஆட்கள். சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் ஆரோக்கியமாகத் தெரிவார்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆற்றின் மேல் கருமேகம் ஒரு பெரிய"

நிறுத்திவிட்டேன். மேகத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: "ஒவ்வொரு வீட்டிலும் பெரிய டிவி வந்துவிட்ட இந்தக் காலத்திலும், திறந்தவெளியில் காருக்குள் உட்கார்ந்து படம் பார்க்கும் பழக்கம் ஏன்"

இது கட்டுரை. [ஆனால் கேள்வி சரியானது. கதை முழுவதும் அதைத்தான் கேட்கப்போகிறேன், வேறு ஆட்களின் வாயால்.]

மூன்றாவது: "வெர்னா கிஷ்பா அழவில்லை."

இது நிற்கும்.

2

வெர்னா கிஷ்பா அழவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு மதியம் அடித்த காற்றில், அவளும் அவள் கணவனும் கல்யாணமான புதிதில் வாங்கிய டிரைவ்-இன்னின் திரை, தூண்களோடு சேர்ந்து குப்புற விழுந்தது. கணவன் இறந்தபின் தனியாகவே அதை நடத்திவந்தாள். விழுந்ததைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய், நெடுநாளாக அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்த சரக்குக் கிடங்குக் கம்பெனிக்குப் போன் செய்து, வரச் சொல்லிவிட்டாள்.

நான் ஏன் என்று கேட்டேன்.

"எல்லார் வீட்லயும் சுவர் முழுக்க டிவி இருக்கு கண்ணு. கையில போன் இருக்கு. இந்தக் காத்து இல்லேன்னா நானே ஒருநாள் கயிறு கட்டி இழுத்திருப்பேன்" என்றாள்.

[அவள் பொய் சொன்னாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த நிமிடத்தில் அதை முழுதாக நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.]

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

செஸ்டர் பௌடர், லொரெய்னின் கணவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறுகிறது. ஆனால் சிரிப்பு போகவில்லை. போகவில்லை என்பதைவிட, அடங்கவில்லை. சோகக் காட்சியிலும் சிரிப்பார், நடுவில் உரக்கப் பேசுவார். பக்கத்து நகரத்துத் தியேட்டரில் முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்ததில், லொரெய்ன் பாதியிலேயே அவரை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து போகும் ஒரே இடம் மூன்பீம். இங்கே அவர் தன் பிக்கப் லாரியில் இருப்பார். கண்ணாடியை ஏற்றினால் சத்தம் அவர்களுடையது, இறக்கினால் எல்லோருடையது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் பிரதியைப் படித்த என் சிநேகிதி, நோயாளியை வைத்து வாசகரை இளக வைக்கிறாய் என்றாள். செஸ்டரை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அப்போது திரை விழுந்தபின் வந்த வெள்ளிக்கிழமை முதல் கார் ஏன் வந்தது என்பதற்குக் காரணமே இல்லாமல் போனது. ஆகவே செஸ்டர் இருக்கிறார். இளகாதீர்கள். அவர் மோசமான சீட்டாட்டக்காரர், பத்தாம் நம்பர் சீட்டை ஒளித்து வைப்பார்.

4

திரை விழுந்த வாரத்து வெள்ளிக்கிழமை, வெயில் சாயும் நேரத்தில் பௌடர்களின் லாரி வாசலில் வந்து நின்றது. வெர்னா கேட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"லொரெய்ன், படம் இல்ல. திரையே இல்ல, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. கேட்டைத் திற."

"எதுக்கு?"

"செஸ்டர் மத்தியானத்துலேர்ந்து சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. நீயே வந்து அவருகிட்ட சொல்லு."

வெர்னா கேட்டைத் திறந்தாள். அவர்கள் வழக்கமான இடத்துக்குப் போய், வழக்கம்போல லாரியைத் திருப்பி, முன்பக்கம் வெற்று வானத்தைப் பார்க்க நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கார் நின்றது. அதன் பின்னால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள். [இந்த இடத்தில் எண்ணிக்கை சொன்னால் நம்புவீர்கள் என்று தெரியும். நான் எண்ணவில்லை. கடைசி இரண்டு வரிசைகள் மட்டும் காலியாக இருந்தன.]

இல்லாத திரையைப் பார்த்து வரிசை வரிசையாகக் கார்கள். மடக்கு நாற்காலிகள் இறங்கின. யாரோ அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டினார்கள். எல்லாக் கார் ரேடியோவிலும் ஒரே பேஸ்பால் ஆட்டம் ஓடியது. விவாகரத்தாகி இரண்டு ஊர்களில் வாழும் ஒரு தம்பதி, பக்கத்துப் பக்கத்துக் கார்களை நிறுத்திக்கொண்டு, பிள்ளைகளை இந்தக் காருக்கும் அந்தக் காருக்கும் ஓடவிட்டார்கள்.

வெர்னாவுக்குக் கோபம் வந்தது. துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று என்னிடம் கறுவினாள். கவுண்டரைத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகள் தட்டியதால் நான் திறந்தேன். அப்போதுதான் லொரெய்ன் வந்தார். வெர்னா பொறுக்கமாட்டாமல், படமே இல்லாத இடத்துக்கு ஏன்தான் வந்தீர்கள் என்று கேட்டாள்.

"படம் பாக்கத்தான் இத்தன வருஷமா வந்தோம்னு நெனச்சியா?" என்றார் லொரெய்ன். போய்விட்டார்.

வெர்னா கவுண்டரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வெளியே நின்ற கார்களைப் பார்த்தாள். "நான் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

5

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். யாரோ ஒரு வெள்ளை லாரியைக் குறுக்கே நிறுத்தி அதன்மேல் படம் காட்டினார்கள் என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் நடந்தது மாட்டுப்புல்.

டேல் ஸ்டிரங்க் மாட்டுப்பண்ணைக்காரர். இங்கே பண்ணைகளில் ஈரப் புல்லை உருளை உருளையாகச் சுருட்டி, வெள்ளை பிளாஸ்டிக் சுற்றி வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆளின் தோள் உயரம். டேல் தன் அண்ணனையும் இரண்டு டிராக்டர்களையும் கூட்டிக்கொண்டு, சாயங்காலம் அந்த உருளைகளை ஏற்றி வந்தார். வெர்னாவிடம் அனுமதி கேட்கவில்லை. எங்கே அடுக்குவது என்று மட்டும் கேட்டார்.

"உனக்குப் பைத்தியமா டேல்?"

"இருக்கலாம். பாதித் தூரத்துல வைக்கவா, இன்னும் முன்னாடியா?"

வெர்னா நேரே புரொஜெக்டர் அறைக்குள் போனாள். நாங்கள் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்றே நினைத்தோம். சிறிது நேரத்தில் அந்த அறையின் சன்னலிலிருந்து வெளிச்சம் புல்வெளியில் விழுந்தது. "இன்னும் பத்தடி முன்னால தள்ளு. எழுத்து ஓரத்துக்கு வெளிய வழியுது" என்று அவள் குரல் கேட்டது.

நான்கு உருளை உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர். இருட்டியதும் அதன்மேல் படம் ஓடியது. கதாநாயகனின் மூக்கு ஒரு உருளையில் வீங்கியது, தாடை இரண்டு உருளைகளுக்கு நடுவில் காணாமல் போனது. காதல் காட்சியில் கதாநாயகி முத்தமிட நெருங்கியபோது இருவர் முகமும் பூசணிக்காய் போல உப்பின. செஸ்டர் சிரித்தார். லாரிக் கண்ணாடி இறங்கியிருந்தது. இந்த முறை அவர் மட்டும் சிரிக்கவில்லை. மைதானமே சிரித்தது, யாருடைய சிரிப்பு எது என்று பிரிக்க முடியாதபடி. படம் முடிந்ததும் ஒருவர் ஹார்ன் அடிக்க, எல்லாக் கார்களும் சேர்ந்துகொண்டன. வெர்னா அறை வாசலுக்கு வந்து நின்றாள். இப்போதும் அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள், குத்துச்சண்டையில் ஜெயித்தவளைப் போல.

6

இனி முடிவு.

(அ) கம்பெனிக்காரர் திங்கட்கிழமை பத்திரத்தோடு வந்தார். வெர்னா அதைக் கிழித்தெறிந்

இல்லை. அவள் காகிதம் கிழிக்கிறவள் இல்லை.

(ஆ) அவள் விற்றுவிட்டாள். ஊர் வேறொரு வயல் கண்டுபிடித்தது, டேலின் உருளைகள் அங்கே

இது நடந்திருக்கலாம். ஆனால் நடக்கவில்லை, இன்னும்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கம்பெனிக்காரர் பெயர் பிரென்ட் சாட்லர். இளம் வயது, நல்ல சட்டை. வாசலிலேயே வெர்னா அவரை நிறுத்தி, மனைவி மக்கள் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமை அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவர் வந்தார். மனைவி முன்னால், இரண்டு பிள்ளைகள் பின்னால். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறியபோது, செஸ்டர் லாரியிலிருந்து கையைக் காட்டித் தன் பக்கத்து இடத்துக்குக் கூப்பிட்டார். படம் தொடங்கும் முன்பே பிள்ளைகள் காரின் கூரைமேல் ஏறிவிட்டார்கள். மூக்கு வீங்கும் இடத்தில் பிரென்ட் சாட்லர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்ததைக் கவுண்டரிலிருந்து பார்த்தேன். முடிந்ததும் ஹார்ன் அடித்தவர்களில் அவரும் ஒருவர். கொஞ்சம் அதிகமாகவே அடித்தார்.

பத்திரம் அவர் காரில் இருந்ததா, வீட்டில் விட்டுவிட்டு வந்தாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பியபின், அவர் வெர்னாவை நோக்கிப் புல்வெளியில் நடந்து வந்தார். தூங்கும் சின்னவள் அவர் தோளில். வெர்னாவும் அவரை நோக்கி நடந்தாள்.

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நீங்கள் எழுதுங்கள். எனக்குக் கவுண்டர் துடைக்கும் வேலை இருந்தது.