முழங்கை வளைவு

பழைய மெட்ராஸ் ரோட்டில் பால் வண்டிகள்கூட இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்த குளிர் எலும்பைத் தொட்டது. ராஜகால்வாய் என்கிற பெரிய சாக்கடையின் சுவரை ஒட்டிய குழிக்குள் இறங்கி நின்று கரண்ட் கேபிள் பதிக்கிற கேங்கின் ஆட்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே கடப்பாரை போடக் கூடாது. கீழே தண்ணீர்க் குழாய் போகிறது, வேறு கேபிள்கள் போகின்றன. எது எங்கே போகிறது என்று இந்த ஊரில் கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள். அதனால் கொஞ்ச தூரம் மண்வெட்டி, அதற்குக் கீழே வெறும் கைதான். சாக்கடை ஊறிய சேறு நகக்கண்ணில் ஏறி எரிந்தது. குனிந்த முதுகுகளிலிருந்து அந்தக் குளிரிலும் ஆவி கிளம்பியது.

மேலே நின்று மண் கூடையை வாங்கியவள் ஆஞ்சலா. ஜோகுபாளையத்துக்காரி. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு. மற்ற நாளில் அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரிகளே சுற்றிப் போவார்கள். இன்று அவள் கூடையை வாங்கி வாங்கிக் கொட்டினாள், அவ்வளவுதான். போன மாதம் இதே குழியில்தான் அவளுடைய தம்பி டிரேவர் வெந்துபோனான்.

டிரேவர் ஜாயிண்டர். அதாவது, இரண்டு கேபிள் முனைகளைச் சீவிச் சேர்த்து ஒன்றாக்குகிறவன். கெண்டைக்கால் பருமனுள்ள கேபிள் அது. உள்ளே அலுமினியக் கம்பி, அதைச் சுற்றிப் பால் வெள்ளையில் பிளாஸ்டிக் இன்சுலேஷன், அதன்மேல் கருப்புப் படலம். அந்தப் படலத்தை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, வெள்ளையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று ஆக்குவான். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பான். அவன் போட்ட ஜாயிண்ட் இந்த நகரத்தின் பாதி ரோடுகளுக்குக் கீழே கிடக்கிறது.

இந்த லைனுக்குக் கரண்ட் கொடுத்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. “குழியில தண்ணி போயிடும், தார்ப்பாய் போடுப்பா” என்று அவனை இறக்கிவிட்டார் காண்ட்ராக்டர் ஹரிஷ்குமார். சுவர் மூலைப் பக்கம் அவன் குனிந்தபோது கேபிள் வெடித்தது. இரண்டு கையும் மார்பும் வெந்துவிட்டன.

“ஜாயிண்ட் சரியாப் போடலே. அதான் வெடிச்சது” என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார் ஹரிஷ்குமார். ஜாயிண்ட் தப்பென்றால் தப்பு டிரேவருடையது. வைத்தியம் அவன் பாடு. ஜாயிண்டர் லைசென்சும் போய்விடும். அது போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. சாயந்தரம் சாயந்தரம் ஆஞ்சலா போய் உட்காரும்போது, கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தபடி அவன் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, என் கை தப்பா?” ஊரார் வாயை அடக்கிவிடலாம், தம்பியின் இந்தக் கேள்வியை எதைக் கொண்டு அடக்குவது?

கேபிள் இழுக்கிற எல்லாக் கேங்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கேபிள் இழுக்கும்போது கயிற்றைப் பிடித்தவர்களுக்கு முன்னால் நின்று இங்கே குரல் கொடுப்பவர் மதலைமுத்து. “ஒத்துப் புடி” என்பார், “ஐலசா” என்று இழுப்பார்கள். “மெத்துப் புடி” என்பார், மறுபடி “ஐலசா.” ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் கேபிள்மேல் உள்ளங்கையை வைத்து நிற்பார். தான் ஓடுகிற உருளையை விட்டுக் கேபிள் விலகினாலோ, முறுக்கி நடுங்கினாலோ அந்தக் கைக்குத்தான் முதலில் தெரியும். உடனே “பொறு” என்று சத்தம் போட வேண்டும். பொறு என்று யார் சொன்னாலும், மண் சுமக்கிறவள் சொன்னாலும், கயிறு கீழே விழ வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். இதில் மதலைமுத்து பெரியவர் சின்னவர் பார்த்ததில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் இந்தக் கேபிளை இழுத்தபோது, கால்வாய்ச் சுவர் மூலையில் மதலைமுத்து நின்றுவிட்டார். “சார், இந்தத் திருப்பத்துல ஒரு ஆட்டோ திரும்புற அளவுக்காவது வளைவு வேணும். சுவத்த ஒட்டி முழங்கை மாதிரி மடக்குனா ஆகாது” என்றார். சுவரை விட்டுத் தள்ளிப் பள்ளம் எடுக்க வேறு அனுமதி வாங்க வேண்டும். ஹரிஷ்குமாருக்கு அதற்குப் பொறுமை இல்லை. வண்டிகளுக்கு ரோடு திறக்கிற நேரம் வந்துவிட்டது. “பேகா, பேகா” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி, கயிற்றை ஜே.சி.பி.யில் கட்டச் சொன்னார்.

மூலையில் கை வைத்து நின்றவள் ஆஞ்சலாதான். கேபிள் உருளையை விட்டுத் தாவிச் சுவர் முனையில் உட்கார்ந்து இறுகியது. அதன் நடுக்கம் அவள் தோள்வரை ஏறியது. “பொறு!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆட்களெல்லாம் கையை எடுத்துவிட்டார்கள். ஜே.சி.பி.யின் இரைச்சலில் டிரைவர் பீரப்பாவுக்குக் கேட்கவில்லை. அது இழுத்து முடித்துத்தான் நின்றது. ஹரிஷ்குமார் வந்து மேல்தோலைத் தடவிப் பார்த்தார். “ஒரு கீறல்கூட இல்லே. சும்னே பயம் காட்டுறீங்க” என்று மேற்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்.

வெடித்த கையோடு மண் போட்டு மூடிய அதே மூலையை இப்போது திறக்கிறார்கள். கரண்ட் நிறுத்திய லைனில் வெடித்த துண்டை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். டிபன் நேரத்துக்குக் கரண்ட் ஆபீசிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அதற்குள் பழையதைக் கிளப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு.

வெளுத்துக்கொண்டு வந்தபோது மதலைமுத்துவின் கைக்கு ஜாயிண்ட் தட்டுப்பட்டது. சேற்றை வழித்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சுற்றிய டேப்கூட நலுங்காமல் இருந்தது. அங்கிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி, சுவர் முனையில் மடங்கிய இடத்தில், வளைவின் முதுகில், கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. ஓரமெல்லாம் கரி.

“ஆஞ்சலா, இங்க வந்து பாரும்மா” என்றார் மதலைமுத்து.

அவள் குழியில் இறங்கினாள். ஜாயிண்டைத் தடவினாள். பிறகு ஓட்டையைப் பார்த்தாள். பிறகு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது.

சைட் இன்ஜினியர் சிந்துவும் குழி ஓரத்தில் குந்தி எட்டிப் பார்த்தாள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், ஹரிஷ்குமாரிடம் சம்பளம் வாங்குகிறவள். “மேடம், மேல்தோல்ல அன்னைக்கு ஒண்ணுமே தெரியலையே. எப்படி இங்க வெடிச்சது?” என்று மதலைமுத்து கேட்டார்.

“தோல் தாங்கிடும்ணா. உள்ள இருக்கிறதுதான் தாங்காது. இப்படி மடக்கி இழுத்தா வெள்ளை இன்சுலேஷன் ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் நசுங்கும். கருப்புப் படலம் அங்கங்க விட்டுப் பிரியும். முடி அளவு சந்துதான். ஆனா கரண்ட் ஏறுனதும் அந்தச் சந்துல பொறி விழும். பொறி அரிச்சு அரிச்சு வேர் மாதிரி உள்ள இறங்கும். இவ்வளவு மடக்குனா கரண்ட் கொடுத்த அன்னைக்கே வெடிச்சிடும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் அன்னைக்கே சார்கிட்ட சொன்னேன். உன் வேலையப் பாருன்னாரு.”

“இன்னைக்கு வர்ற அதிகாரிங்ககிட்ட இதச் சொல்லுவீங்களா?” என்று ஆஞ்சலா கேட்டாள். சிந்து எழுந்து குழியை விட்டு இரண்டு அடி தள்ளிப் போனாள்.

ஹரிஷ்குமாரின் கார் வந்து நின்றது. குழியை எட்டிப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் மாறவில்லை, அதற்கெல்லாம் பழகிய முகம்.

“பீரப்பா! பக்கெட்டை இறக்கு. ஜாயிண்டு வளைவு எல்லாத்தையும் சேர்த்து வாரி லாரியில போடு. பேகா!”

“வாருனா எல்லாம் நசுங்கிடும் சார்” என்றார் மதலைமுத்து. “எது நல்லா இருந்துச்சு, எது வெடிச்சுதுன்னு அப்புறம் சாமியே வந்தாலும் சொல்ல முடியாது.”

“குப்பைக்குப் போறது நசுங்குனா உனக்கு என்னப்பா?”

“அது குப்பை இல்ல சார். எங்க பையனோட வாழ்க்கை.”

“மொதலாளி நானா, நீயா?”

“கேபிளுக்கு நீங்க மொதலாளி. அத மடக்குன பாவத்துக்கும் நீங்கதான் மொதலாளி. அத எதுக்கு டிரேவர் தலையில கட்டுறீங்க?”

“சங்கம் கிங்கம் வெச்சிருக்கீங்களா? வாய் நீளுது?”

“சங்கம் இன்னும் வெக்கல. இனிமே வெச்சுத்தான் ஆவணும் போல இருக்கு.”

“வெச்சுக்கோங்க, நாளையிலேர்ந்து வேலை வேற எடத்துல தேடிட்டு வெச்சுக்கோங்க. சந்தாபுரா கேங் வந்திட்டிருக்கு. பீரப்பா, ஏன் நிக்கிறே? இறக்கு!”

ஜே.சி.பி. உறுமியது. பக்கெட் குழிக்கு மேல் வந்து தொங்கியது. ஆஞ்சலா குழிக்குள்ளேயே, ஜாயிண்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் நின்றாள். கையைக் கேபிள்மேல் வைத்தாள்.

“பொறு!” என்று கத்தினாள்.

மண்வெட்டிகள் கீழே விழுந்தன, கூடைகள் விழுந்தன. இரைச்சல் நின்றது. பீரப்பா சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். ராய்ச்சூர்ப் பக்கத்து மனிதர், கேங்கில் யாரோடும் அதிகம் பேசாதவர்.

“ஏனாயித்து? யாகே நில்லிஸ்தே?” என்று, ஏன் நிறுத்தினாய் எனக் கன்னடத்தில் பாய்ந்தார் ஹரிஷ்குமார்.

“அவத்து கேள்ஸ்லில்லா சார்” என்றார் பீரப்பா. தலை குனிந்திருந்தது. “இவத்து கேள்ஸ்து.” அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்டது. அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு வந்து மதலைமுத்துவின் பக்கத்தில் நின்றார்.

சந்தாபுரா கேங்கை ஏற்றிய டெம்போ வந்தது. தார்ப்பாயை விலக்கிக் குதித்தவர்கள், கீழே கிடந்த மண்வெட்டிகளையும் குழிக்குள் நின்ற பெண்ணையும் பார்த்து அப்படியே நின்றார்கள். “என்னண்ணா, யாரு பொறு போட்டது?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். மதலைமுத்து ஆஞ்சலாவைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்குமுன்பே இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டி ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். “பொறு போட்ட எடத்துல நாங்க கை வெக்கமாட்டோம் சார். எங்களுக்கும் குழிதான் பொழப்பு” என்று ஹரிஷ்குமாரிடம் சொன்னார் ஒருவர். ஹரிஷ்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து யாரையோ அழைக்கத் தொடங்கினார்.

“இத இப்படியே குழியில விட்டா நம்ம கண்ணு அசந்த நேரம் பார்த்து மூடிடுவாங்க” என்றாள் ஆஞ்சலா. “நாமளே மேல எடுப்போம். கையால.”

இரு புறமும் ரம்பம் வைத்து அறுத்தார்கள். கயிற்றைப் போட்டார்கள். இரண்டு கேங்கும் ஒரே கயிற்றில் நின்றது. பீரப்பாவும் பிடித்தார். மதலைமுத்து குரல் கொடுத்தார்.

“ஒத்துப் புடி!”

“ஐலசா!”

“மெத்துப் புடி!”

“ஐலசா!”

கேபிள் ஒரு தடவைகூடச் சுவரில் இடிக்காமல் மேலே வந்தது. ஜாயிண்டும் ஓட்டையும் ஒன்றாக, நடைபாதையில், எல்லார் கண்ணுக்கும் தெரிய. சுவரை விட்டு வந்த பிறகும் அந்த வளைவு நிமிரவில்லை.

ஆஞ்சலா போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் டோரீன் எடுத்து டிரேவரின் காதில் வைத்தாள்.

“டேய், ஜாயிண்ட் அப்படியே இருக்குடா. டேப்புகூடப் பிரியல. வளைவுலதான் வெடிச்சிருக்கு. உன் கை தப்பில்லடா தம்பி.”

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கேபிள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிக்னலைத் தாண்டி அதிகாரிகளின் ஜீப் வருவது தெரிந்தது. அவர்கள் என்ன சொல்வார்களோ, ஹரிஷ்குமார் ஏற்கெனவே யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ, நாளைக்கு இவர்களில் யாருக்கு வேலை இருக்குமோ, ஒன்றும் தெரியாது. ஹரிஷ்குமார் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார். சிந்து தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு நடைபாதைக்கு வந்து, கேபிள் மடங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்து, ஆஞ்சலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்லுவேன்க்கா” என்றாள்.

ஜீப் வந்து நின்றது. கயிறு இன்னும் கேபிளில்தான் கட்டியிருந்தது. யாரும் அதைக் கையிலிருந்து விடவில்லை.