‘இஃப்’ இல்லாத வாக்கியம்

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில், ‘இஃப்’ வைத்து வரும் வாக்கியங்களைப் பற்றித் தமிழில் எளிமையாக நாலு பக்கம் கேட்டார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். முதல் வரி இப்படிப் போனது:

‘ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியங்கள் மூன்று வகைப்படும். அவையாவன—’

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அந்த வரி அப்படியே கிடக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: ‘ஒரு பெண் பேருந்தை நிறுத்திவிட்டு—’

இது பரவாயில்லை. இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். கீழ்வீட்டுக்காரர், நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஓட்டுநரம்மா என்று வைத்துக்கொள்வோம். நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், சிரித்துச் சிரித்துப் புரையேறும் அளவுக்கு. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. பேரு வேண்டாம். அப்புறம், நான் அழுததைப் போடாதீங்க.”

முதல் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன்.

2

ஓட்டுநரம்மாவுக்கு வேலையில் ஒரு படி மேலே போக ஆங்கிலம் தேவைப்பட்டது. அந்த மாலைப் பள்ளியில்தான் சேர்ந்தார். படித்ததை வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒப்பிப்பார். கணவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். (‘அவருக்கு வெண்கலக் குரல்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் வாயைத் திறந்தால் சந்தையின் மறுகோடியில் லாரிக்குள் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான். அது போதும்.)

மூன்று வகை வாக்கியங்களுக்கும் ஏலக்காரர்தான் பெயர் வைத்தார். ‘மழை பெய்தால் நனைவேன்’: இது வரப்போற பஸ். ‘எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்’: இது இந்த வழியில் வராத பஸ். ‘நீ சீக்கிரம் வந்திருந்தால் தக்காளி கிடைத்திருக்கும்’: இது போன பஸ்.

“வுட் ஹேவ்னு காதுல விழுந்துதா? முடிஞ்சுது. பஸ் போயிடுச்சு. அது நடக்கவே இல்லன்னு அர்த்தம்,” என்பார். தட்டில் கை காயக் காய உட்கார்ந்து விளக்குவார். “வீட்டுக்குள்ள ஏலம் விடாதீங்க, மெதுவாப் பேசுங்க,” என்பார் ஓட்டுநரம்மா.

(இங்கே ஒரு கட்டுரைத்தனமான குறுக்கீடு. தெருவில் பேசும் ஆங்கிலத்தில் ‘இஃப்’ இல்லாமல் இந்த வாக்கியங்கள் அநேகமாக வருவதில்லை. சட்டை போட்டு, மேல் பித்தானும் மாட்டிக்கொண்ட ஆங்கிலம் ஒன்று உண்டு. அதில் ‘இஃப்’ மறைந்துவிடும்; அதற்குப் பதிலாக ‘ஹேட்’, ‘ஷுட்’, ‘வேர்’ என்று ஒரு சொல் வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும். வகுப்பு ஆசிரியர் அந்தப் பக்கத்தைக் காட்டி, “இதெல்லாம் எழுத்துலதான் வரும். வாயால யாரும் இப்படிப் பேசமாட்டாங்க, விட்டுருங்க,” என்றாராம். எல்லோரும் சந்தோஷமாகப் பக்கத்தைப் புரட்டினார்கள்.)

3

ஏலக்காரரின் குரல் கம்மத் தொடங்கியது. மூட்டைத் தூசி என்றார். பிறகு காற்று மட்டும் வந்தது. குரல்நாணில் ஒரு கட்டி என்றார்கள். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆறும்வரை ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. வீட்டில் ஒரு கைத்தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை என்று ஏற்பாடு. முடிவு தெரிந்ததும் சொல்ல ஓட்டுநரம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அழைப்பு வந்தபோது அவர் கடைசி நிறுத்தத்தில் பேருந்தைப் போட்டுவிட்டு டீயை வாயில் வைத்திருந்தார். தமிழ் தெரியாத மருத்துவர் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அதே நேரம் பக்கத்துப் பேருந்து பீப் பீப் என்று பின்னால் வந்தது. முதல் இரண்டு வாக்கியங்கள் அதில் போய்விட்டன. ஓட்டுநரம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டார். பிறகு தெளிவாகக் கேட்டது:

“ஹேட் இட் ஸ்ப்ரெட் டு த அதர் சைட், வீ வுட் ஹேவ் ஹேட் டு ரிமூவ் த வாய்ஸ் பாக்ஸ். ஷுட் ஹி ஹேவ் எனி பெயின், ப்ளீஸ் கால்.”

அவருக்குப் புரிந்தது இது: மறுபக்கம் பரவிவிட்டது. குரல்பெட்டியை எடுக்க வேண்டும். வலி இருக்க வேண்டும், கூப்பிடுங்கள்.

“தேங்க்யூ, டாக்டர்,” என்று வைத்துவிட்டார். என்ன கேட்பது என்று தெரியாதபோது அந்த வார்த்தைதான் வாயில் நின்றது.

(வாசகரே, உங்களையும் சேர்த்துத் தவிக்கவிட எனக்கு மனசு வரவில்லை. பரவவில்லை. ‘பரவியிருந்தால் எடுக்க வேண்டியிருந்திருக்கும், வலி ஏதும் இருந்தால் கூப்பிடுங்கள்’ என்றுதான் மருத்துவர் சொன்னார். பித்தான் மாட்டிய ஆங்கிலம். பீப் சத்தத்தில் போன வாக்கியங்களில், கட்டி முழுசாக வந்துவிட்டது என்ற நல்ல சேதி இருந்தது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓட்டுநரம்மாவுக்குத் தெரியாது. இன்னும் ஒரு நடை ஓட்ட வேண்டும் அவர்.)

4

ஓட்டினார். ‘கண்ணீர் மறைக்க, எதிரே வந்த லாரியை—’ என்று தொடங்கினேன். ஓட்டுநரம்மா மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தார்.

“துக்கம் வந்தா பிரேக் எங்க இருக்குன்னு மறந்துடுமா எனக்கு? எத்தனை பேரு உள்ள உக்காந்திருக்காங்க!”

ஆகவே லாரி இல்லை. எல்லா நிறுத்தத்திலும் ஒழுங்காக நின்றார். கைக்குழந்தையோடு ஏறியவள் உட்காரும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் பேருந்துக்குள் ஒரு பதிவுக் குரல் பெயர் சொல்லும். தினமும் காதில் விழாத அந்தக் குரல் அன்றைக்கு அவரைப் படுத்திவிட்டது. எவளோ ஒருத்தியின் குரல் இந்த வண்டியில் பத்திரமாக இருக்கிறது, வீட்டில் இருக்கும் குரலை ஒருநாளாவது பிடித்து வைத்தோமா, மெதுவாப் பேசு மெதுவாப் பேசு என்று எத்தனை தடவை வாயை அடைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசிப் பயணி இறங்கும்போது நன்றி சொன்னார். ஓட்டுநரம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

5

வீட்டில் ஏலக்காரர் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுமில்லங்க. வெயில்.”

இரண்டு தட்டு.

“சாப்டீங்களா?”

இரண்டு தட்டு. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்று காட்டினார்.

உட்கார்ந்தார். “டாக்டர் போன் பண்ணாருங்க.” அதற்கு மேல் தமிழில் வரவில்லை. தமிழில் சொன்னால் நடந்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பட்டதாம். அதனால் கேட்டதைக் கேட்டபடியே, பாடம் ஒப்பிப்பது போல ஆங்கிலத்தில் சொன்னார். ஹேட் இட் ஸ்ப்ரெட். வாய்ஸ் பாக்ஸ். ஏலக்காரரின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. கொஞ்ச நேரம் விசிறி இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு விரலைத் தூக்கினார்: இன்னொரு தடவை.

“எதுக்குங்க திரும்ப…”

விரல் இறங்கவில்லை.

மறுபடி சொன்னார். “வீ வுட் ஹேவ்” என்று வந்ததும் மேசையில் ஓங்கி ஓர் அடி. திருகாணிகள் எல்லாம் துள்ளி ஓடின. தொடர்ந்து இரண்டு தட்டு. மறுபடி இரண்டு தட்டு.

“என்ன இல்ல? எது இல்லன்றீங்க?”

ஏலக்காரர் எழுந்து நின்று காற்றில் ஸ்டியரிங்கைச் சுற்றினார். பிறகு தெருவோரம் நிற்பவர் மாதிரி, போய்விட்ட ஏதோ ஒன்றுக்குக் கையை வீசிக் காட்டினார். கண்கள் பளபளத்தன.

“போன பஸ்ஸா?”

ஒரே ஒரு தட்டு. கை சிவக்கிற தட்டு.

(என் முதல் பிரதியில் அவர் தன்னை மறந்து, “பரவலடி!” என்று கத்துகிறார். நாடகமாக நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுநரம்மா ஒப்பவில்லை. “கத்தியிருந்தா நானே அவரு கழுத்தை நெரிச்சிருப்பேன்,” என்றார். கவனியுங்கள்: அவர் கத்தவும் இல்லை, இவர் நெரிக்கவும் இல்லை.)

6

ஆனாலும் ஓட்டுநரம்மாவுக்கு மனசு அடங்கவில்லை. “அப்போ இஃப் எங்க போச்சு? இஃப் இல்லாம எப்படிங்க?” நல்லதை அவசரப்பட்டு நம்ப அவருக்குப் பயம். போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். இரண்டு பெண் குரல்களைத் தாண்டி மருத்துவர் வந்தார். இந்த முறை ஓட்டுநரம்மா வகுப்பையும் வகைகளையும் தூக்கித் தூரப் போட்டார்.

“டாக்டர். ஸ்ப்ரெட்? எஸ் ஆர் நோ?”

“நோ! நோ, நோ. ஆல் அவுட். ஆல் கான்.”

“பெயின்? மஸ்ட் ஹேவ் பெயின்?”

“ஒன்லி இஃப்! இஃப் ஹி ஹேஸ் பெயின், கால் மீ.”

“டாக்டர், யூ நோ ஸே இஃப்,” என்றார் ஓட்டுநரம்மா. அதட்டலாகத்தான் வந்ததாம். மருத்துவருக்குத் தான் சொன்ன வாக்கியம் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டார். நல்ல சேதியை முதலிலிருந்து, சின்னச் சின்ன வாக்கியமாக, எல்லா ‘இஃப்’களையும் போட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

போனை வைத்த ஓட்டுநரம்மா தரையில், திருகாணிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அழுதார், மூக்கைச் சிந்திச் சிந்தி. ஏலக்காரர் எதிரே உட்கார்ந்து கைதட்டத் தொடங்கினார். ஆமாம் இல்லை கணக்கெல்லாம் போய்விட்டது. சும்மா தட்டிக்கொண்டே இருந்தார். மாடியில் எனக்குக் கேட்டது. யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

7

மருத்துவர் பேசலாம் என்று சொன்ன காலையில், ஒரே ஒரு வார்த்தையோடு ஆரம்பிக்கச் சொன்னாராம். ஏலக்காரர் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, மனைவியை எதிரே நிற்க வைத்துச் சொன்னார்.

என்ன சொன்னார்?

மனைவியின் பெயர் என்று ஒரு முடிவு எழுதினேன். ‘தண்ணி’ என்று ஒன்று எழுதினேன். சிரிப்புக்காக ‘தக்காளி’ என்றும் ஒன்று. ஓட்டுநரம்மா மூன்றையும் படித்தார்.

“மூணும் இல்ல.”

“பின்ன?”

“அது எங்களுக்குள்ள,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். முகம் மட்டும் சிவந்திருந்தது.

இன்றைக்கும் காலையில் கீழ்வீட்டிலிருந்து பேச்சு கேட்கிறது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் மாடிவரை வருகிறது. சொற்கள் பிரியவில்லை. நானும் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே வராது:

கதவைச் சாத்தினார். மனைவியைப் பார்த்தார். மெதுவாக, “…………” என்றார்.