நூற்று ஏழாம் கட்டடத்து அடுப்பு

ஒக்-ரானுக்கு ஒரு வியாதி. அடுத்தவர் வீட்டில் அழுக்கைக் கண்டால் கை நிற்காது. படம் எடுக்க வேண்டும் என்பதே துடைத்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும். வீடு துடைக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கி நான்கு மாதமாகிறது. எங்கள் வட்டாரத்து ஆப்பில் அவள் பக்கத்தைத் திறந்தால் பளபளக்கும் குழாய்கள், பளபளக்கும் கழிப்பறைகள். எல்லாம் துடைத்த பின் எடுத்தவை. துடைக்கும் முன் எடுத்தது ஒன்றுகூடக் கிடையாது. அழுக்கைக் காட்டாமல் பளபளப்பை யார் நம்புவார்கள்? ‘புது வீட்டு விளம்பரத்திலிருந்து சுட்ட படமா?’ என்று ஒருத்தி கீழே எழுதியே விட்டாள்.

இதில் வீடு மாறுகிறவர்கள் துடைக்க ஆள் தேடும் மார்ச் மாதம் வேறு. வீடு மாறுகிறவர்கள் கெட்ட ஆவி உலவாத நாளாகப் பார்த்துத்தான் மூட்டை கட்டுவார்கள். அப்படிப்பட்ட நாள் அந்த மாதத்தில் இன்னும் ஐந்துதான் பாக்கி. ஐந்தில் ஒன்றுக்குக்கூட ஒக்-ரானை யாரும் கூப்பிடவில்லை. இந்த மாதமும் போனால் பழைய முதலாளியம்மாவிடமே திரும்பிப் போய் வாளி தூக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை நூற்று மூன்றாம் கட்டடத்தில் தா-ஹே என்ற இளம்பெண்ணின் சமையலறையைத் துடைத்தாள். பெரிய அழுக்கொன்றும் இல்லை. வேலைக்குப் போகிற பெண், நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகு படம் எடுத்தாள். பளிச்சென்று அடுப்பு, அதன் மேல் ஒரு மஞ்சள் கெட்டில். வீடு திரும்பியதும் தன் அடுப்பைப் பார்த்தாள்.

ஊர் அடுப்பையெல்லாம் துடைக்கிறவள் வீட்டு அடுப்பு எப்படியிருக்கும் என்று எங்களுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. அது வீண்போகவில்லை. கிம்ச்சிக் குழம்பு பொங்கி வழிந்து செதில் செதிலாகக் காய்ந்திருந்தது. கானாங்கெளுத்தி வறுத்த எண்ணெய் சுவர் ஓடு வரை ஏறி மஞ்சள் பிடித்திருந்தது. எங்கள் குடியிருப்பில் எட்டுக் கட்டடத்திலும் ஒரே அடுப்பு, ஒரே ஓடு. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தன் அடுப்பைப் படமெடுத்து, தா-ஹேயின் அடுப்புப் படத்துக்குப் பக்கத்தில் ‘துடைக்கும் முன்’ என்று வைத்து, ‘103ஆம் கட்டடம், மூன்றே மணி நேரம்’ என்று ஆப்பில் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலையிலேயே மூன்று பேர் நாள் கேட்டார்கள். மதியம் தா-ஹேயின் அழைப்பு வந்தது. அழுகை.

“அக்கா, அது என் அடுப்பே இல்லையே! எங்க அத்தை பாத்துட்டாங்க!”

“உன் வீடுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தக் கெட்டிலே அவங்க வாங்கிக் குடுத்ததுதான்!”

தா-ஹேயின் மாமியார் பில்-சூன் நூற்று ஐந்தாம் கட்டடம். மகன் வீட்டுக் கதவின் எண்பூட்டைத் தானே அழுத்தித் திறந்துகொண்டு, நினைத்தபோதெல்லாம் உள்ளே போய்வந்தவள். மூன்று மாதத்துக்கு முன் தா-ஹே பூட்டின் எண்ணை மாற்றினாள். ஏன் மாற்றினாள் என்று நாங்கள் கட்டடம் கட்டடமாகப் பேசித் தீர்த்தோம். பில்-சூனுக்குத்தான் விடை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. படத்தைக் குடும்பக் குழுவில் பதினோரு பேருக்கும் அனுப்பி, ‘கதவு ஏன் சாத்திக் கிடக்குதுன்னு இப்பத்தான் புரியுது’ என்று எழுதியிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் வந்த மூன்று வேலையும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் அழுக்கி. ஒக்-ரான் கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் பதினைந்து நடை நடந்தாள். பிறகு தா-ஹேயிடம் அலைபேசி எண் வாங்கிப் பில்-சூனை அழைத்தாள்.

“அம்மா, அந்த அழுக்கு அடுப்பு என்னோடதுங்க.”

“நீ யாரும்மா?”

“தொடைக்கப் போனவ. நூத்தியேழாம் கட்டடம்.”

“தொடைக்கிறதே பொழப்பா இருக்கறவ வீட்டுல அப்படி ஒரு அடுப்பா? எம் மருமக சொல்லிக் குடுத்துப் பேசறியா?”

“இல்லீங்கம்மா, சத்தியமா.”

“நாலு மணிக்கு வரேன். என் கண்ணால பாக்கணும். நடுவுல ஒரு துணி அதுமேல பட்டுது, நீ சொன்னது பொய்யின்னு பதினோரு பேருக்கும் எழுதிருவேன்.”

அப்போது மணி ஒன்று.

இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத அடுப்பு அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வெந்நீரில் நனைத்தால் அந்தச் செதில் ஐந்தே நிமிஷத்தில் உரிந்து வரும். ஒக்-ரான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னலைத் துடைத்தாள், குளிர்பெட்டியின் கைப்பிடியைத் துடைத்தாள், அடுப்பை நெருங்கியதும் துணியைத் தூர எறிந்தாள். கைக்கு வேலை கொடுக்க அலைபேசியை எடுத்து, படத்துக்குக் கீழே எழுதினாள்: ‘அழுக்கு அடுப்பு என் வீட்டுடையது. 103ஆம் கட்டடத்து வீடு முதலிலேயே சுத்தமாகத்தான் இருந்தது.’ மூன்று மணிக்குள் இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாமவள் பதிலே எழுதவில்லை. ஒக்-ரான் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தாள்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பில்-சூன் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிய வேகத்தில் நேரே சமையலறை. சுவர் ஓட்டில் ஒரு விரலை இழுத்து, முகர்ந்து பார்த்தாள்.

“கானாங்கெளுத்தி.”

“ஆமாங்க.”

“எம் மருமகளுக்கு மீன் வாடையே ஆகாது.” அலைபேசியை எடுத்தாள். “தள்ளு, நிழல் விழுது.”

ஒரு படம். தா-ஹேயின் பெயரைத் தேடி அனுப்பப் போனாள்.

“அவளுக்கு மட்டும் பத்தாதும்மா,” என்றாள் ஒக்-ரான். “பதினோரு பேருக்கும் அனுப்புங்க.”

பில்-சூன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பதினோரு பேருக்கும் அனுப்பினாள். மன்னிப்பு என்று ஒரு எழுத்து எழுதவில்லை, படம் மட்டும்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ம், இப்பத் தொடை. நீ உண்மையிலேயே தொடைக்கிறவதானான்னு பாப்போம்.”

சொல்லி முடிப்பதற்குள் துணி அடுப்பின் மேல் இருந்தது. செதில் உரிந்தது, மஞ்சள் கரைந்தது, பில்-சூன் தன்னையறியாமல் “அட” என்றாள். பாதி அடுப்பு வெளுத்ததும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தினாள். குரலையும் தாழ்த்தினாள்.

“ஏம்மா, நீ தொடைக்கப் போனப்ப அவ ஆபீஸ்லதானே இருந்திருப்பா? கதவு நம்பர் உங்கிட்ட சொல்லியிருப்பாளே?”

அழுக்கு எதிரில் இருக்கும்போதே ஒக்-ரானின் கை நின்றது அன்றைக்குத்தான்.

“மறந்துட்டேம்மா,” என்றாள். மீதிப் பாதியை முன்னைவிட அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.