ஜூனியர் அணியின் கேப்டன்

எழுபத்தொன்பதாம் வருஷம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான வட்டாரக் கால்பந்து இறுதி ஆட்டம் அரியலூரில் நடந்தது. ஜெயிக்கிற அணி திருச்சிக்குப் போய் ஜில்லாப் போட்டியில் ஆடும். அங்கே தேர்வாளர் கண்ணில் படுகிறவனை மெட்ராஸ் முகாமுக்கு எடுப்பார்கள். முகாமைத் தாண்டினால் மாநில அணி, அதற்கப்புறம் தேசியப் போட்டி. பெரம்பலூர் வெண்புறா மன்றத்தின் கேப்டன் அரியமுத்துவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அவன் அப்பா கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். அந்த வேலைக்குப் போகாமல் தப்பிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

இடைவேளையில் அவர்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். கைக்கு வந்த பந்தை நழுவவிட்ட கோல்கீப்பர் கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்து நின்றான். பயிற்சியாளர் ராசாங்கம் வந்து அவனைக் காதோடு சேர்த்து அறைந்தார். சுருண்டு விழுந்தவனை விலாவில் உதைத்தார். அவர் அடிப்பது புதிதில்லை. புளியம்விளார் இல்லாமல் அவர் மைதானத்துக்கு வந்ததே கிடையாது. ஆனால் இந்தத் தடவை கொளஞ்சியப்பனின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

"விடுங்க மாஸ்டர், ரத்தம் வருது" என்றான் அரியமுத்து.

"நீ ஒதுங்குடா!"

மறுபடியும் காலை ஓங்கினார். அரியமுத்து யோசிக்கவில்லை. அவர் மூக்கில் ஓங்கிக் குத்தினான். எலும்பு நொறுங்கிய சத்தம் அவனுக்கே கேட்டது. ராசாங்கம் மல்லாக்க விழுந்தார். அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு குத்து விட்டான். நாலு பேர் சேர்ந்துதான் அவனைப் பிய்த்தெடுக்க முடிந்தது.

கொளஞ்சியப்பனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மாற்று கீப்பரை நிறுத்தி, மாஸ்டர் இல்லாமலே ஆடினார்கள். வெறி பிடித்த ஆட்டம். எதிரணிக்காரன் ஒருவனின் பல் தெறித்தது. அரியமுத்துவின் புருவம் கிழிந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

ஜெயித்தும் பலனில்லை. பயிற்சியாளர் அழைத்து வராத அணியைத் திருச்சியில் சேர்க்க மாட்டார்கள். ராசாங்கம் வரமுடியாது என்றுவிட்டார். அரியமுத்து அவர் வீட்டுக்குப் போனான்.

"நான் வரல மாஸ்டர். மத்தவங்களக் கூட்டிட்டுப் போங்க."

"நீ இல்லாம அங்க போயி தோக்கவா? நீயும் வரணும். அதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்க எங்கிட்ட வாங்கிக்கணும்."

மறுநாள் காலை மைதானத்தில் அணி வரிசையாக நின்றது. அரியமுத்து கோல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். விளார் கெண்டைக்காலில் விழுந்தது, தொடையில் விழுந்தது, முதுகில் விழுந்தது. ஒன்று ஒடிந்ததும் ராசாங்கம் அடுத்ததை எடுத்தார். கத்தக் கூடாது என்று அவன் நாக்கைக் கடித்ததில் வாயெல்லாம் ரத்தம் கரித்தது. காதில் பஞ்சு அடைத்திருந்த கொளஞ்சியப்பன், "போதும் மாஸ்டர், நிறுத்துங்க!" என்று அழுதான். கை ஓய்ந்த பிறகுதான் ராசாங்கம் நிறுத்தினார்.

"இப்பப் போயி பஸ் ஏறுங்கடா."

திருச்சியில் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஆனால் அரியமுத்துவைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது எவனுக்கும் லேசாக இருக்கவில்லை. ஆட்டம் முடிந்து, சதையோடு ஒட்டிப்போன காலுறையை அவன் உரித்துக்கொண்டிருந்தபோது தேர்வாளர் காசிநாதன் வந்தார். விளார் தடங்கள் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்தார்.

"மெட்ராஸ் கேம்ப்புக்கு உன் பேரச் சொல்லியிருக்கேன். வருவியா?"

"வரேன் சார்."

காசிநாதன் ராசாங்கத்தின் பக்கம் திரும்பினார். "பையன நல்லா வளத்திருக்கீங்க."

"நம்ம புள்ள சார்" என்று சிரித்தபடி ராசாங்கம் அவன் தோளில் கை போட்டார்.

அரியமுத்துவின் விரல்கள் தாமாக மடங்கின. அடித்தால் மெட்ராஸ் இல்லை, குவாரிதான். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"கைய எடுங்க" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

ராசாங்கத்தின் சிரிப்பு செத்துப்போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கை விலகியது. அரியமுத்து பூட்ஸை எடுத்துக்கொண்டு, நொண்டியபடி, மற்றவர்கள் நின்றிருந்த இடத்துக்கு நடந்தான்.